வாசலில் ஒரு ஜோடி செருப்பு

மழைக்காலம் வந்தால் சாந்தோம் பக்கத்துச் சந்துகளில் முதலில் படுத்துக்கொள்வது டெலிபோன்தான். தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறுவதற்கு முன்பே கேபிளுக்குள் ஏறிவிடும். தொண்ணூற்றேழாம் வருஷத்து ஐப்பசியில் அல்போன்சா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், குடையை மடக்குவதற்கு முன்னால் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பாள். டயல் டோன் இருந்தால் கட்டிலில் கிடக்கும் புருஷனைப் பார்த்துத் தலையசைப்பாள். ஸ்தனிஸ்லாசும் தலையசைப்பார். அன்றைக்கு அவருக்கு நாலு பருக்கை கூடுதலாக இறங்கும். டோன் இல்லாத நாளில் தட்டு அப்படியே இருக்கும்.

ஸ்தனிஸ்லாஸ் தரமணியில் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் லேப் பார்த்துக்கொண்டிருந்தவர். நாலைந்து வருஷத்துக்கு முன்பு ஒரு பழைய கம்ப்யூட்டரை எங்கிருந்தோ கொண்டுவந்து, மோடம் என்று ஒரு டப்பாவை அதில் மாட்டி, வீட்டு டெலிபோனோடு இணைத்தார். அதற்குப் போர்டு என்று பேர். பள்ளிக்கூடத்தில் நோட்டீஸ் ஒட்டும் பலகை மாதிரிதான், கம்ப்யூட்டருக்குள் இருந்தது. ஊரில் மோடம் வைத்திருந்தவர்கள் அவரவர் வீட்டிலிருந்து இந்த நம்பருக்கு டயல் செய்து உள்ளே வருவார்கள். மற்றவர்கள் எழுதிப் போட்டிருப்பதைப் படிப்பார்கள். தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எழுதிவிட்டு, சண்டை இருந்தால் சண்டையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கச்சேரி, கிரிக்கெட், எந்த ஹோட்டலில் சாம்பார் கெட்டுப்போனது, எந்த மோடம் இடி விழுந்து கருகியது, எல்லாம் அதில் வரும். மொட்டை மாடியில் ஏறினால் லைட் ஹவுஸ் தெரியும் என்பதால் போர்டுக்குக் 'கலங்கரை' என்று பேர் வைத்தார். போர்டை நடத்துகிறவரை அந்த உலகத்தில் சிசாப் என்பார்கள். ஸ்தனிஸ்லாஸ் என்ற நீளமான பேர் சிசாப் ஆனது அப்படித்தான்.

லைன் ஒன்றுதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம். மற்றவர்களுக்கு 'எங்கேஜ்டு' சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து மறுபடி டயல் செய்வார்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் இன்னும் பொறுப்பார்கள். யாரும் யாரையும் அவசரப்படுத்த முடியாது, உள்ளே இருப்பது யாரென்றும் தெரியாது. இப்படிக் காத்திருந்து காத்திருந்தே அந்த ஆட்களுக்கு ஒரு குணம் வந்துவிட்டிருந்தது. கதவு மூடியிருந்தால் தட்டமாட்டார்கள்.

இரவு ஒன்பதுக்கு மேல்தான் போர்டு. அதுவரை லைன் வீட்டுக்கு. ஆனாலும் அவசரக்காரர்கள் சாயங்காலமே டயல் செய்துவிடுவார்கள். அல்போன்சா ரிசீவரை எடுத்தால் மறுமுனையில் மனுஷக் குரல் இருக்காது, காதைக் கிழிக்கிற கீச்சு இருக்கும். அவள் அந்தக் கீச்சைப் பார்த்தே, "இது வீடு. போர்டு ஒன்பது மணிக்கு மேல" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு வைப்பாள். மெஷினிடம் பேசுகிறோமே என்று முதலில் அவளுக்குச் சிரிப்பாக வந்தது. மோடத்தில் சின்ன ஸ்பீக்கர் உண்டு, டயல் செய்தவனுக்கு அவள் சொல்வது கேட்கும் என்று ஸ்தனிஸ்லாஸ் சொன்ன பிறகு குரலைக் கொஞ்சம் மரியாதையாக்கிக்கொண்டாள். ஆக, அவள் முகம் தெரியாத பலருக்கு அவள் குரல் தெரிந்திருந்தது.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் நேரில் கூடுவார்கள். லஸ் முனையில் ஒரு ஹோட்டல் மாடியில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்வார்கள். எழுத்தில் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டவர்கள் நேரில் சட்னியை நகர்த்திக் கொடுத்துக்கொள்வார்களாம். சர்வர் பையன்கள் இவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்புவார்கள். காபிக்கு மேல் காபி, எழுந்திருக்கிற எண்ணமே கிடையாது. ஸ்தனிஸ்லாஸ் அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையும் பவுடருமாகக் கிளம்புவார். தோளில், மற்றவர்களோடு மாற்றிக்கொள்ள பிளாப்பி டிஸ்குகள் நிறைந்த பை. தோல் செருப்பைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு படியிறங்கும் சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

பிறகு ஊருக்கு இன்டர்நெட் வந்தது. அமெரிக்காவில் இருக்கிறவனோடு நேரடியாகப் பேசலாம் என்றால், சாந்தோமில் இருக்கிற ஒற்றை லைனுக்கு யார் காத்திருப்பார்கள்? மேஜைகள் ஒன்றொன்றாகப் பிரிந்தன. கடைசியில் ஒரே மேஜை. ஒரு மாதம் ஸ்தனிஸ்லாஸ் மட்டும் போய் உட்கார்ந்து, ஒரு காபி குடித்துவிட்டு, பையில் இருந்த பிளாப்பிகள் அப்படியே இருக்கத் திரும்பி வந்தார். அன்றைக்குப் போர்டில், 'கூட்டம் இனிதே நடந்தது, வராதவர்களை எல்லாரும் விசாரித்தார்கள்' என்று எழுதினார். எல்லாரும் என்றால் யாருங்க என்று அல்போன்சா கேட்டதற்கு, சர்வர் விசாரிச்சான் என்றார்.

அதே சமயத்தில்தான் சிறுநீரகம் கைவிட்டது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரியில் மெஷினோடு கிடக்க வேண்டும். மற்ற நாளெல்லாம் தாகத்தோடு கிடக்க வேண்டும். தண்ணீரை அல்போன்சா அளந்து வைப்பாள். ரொம்பத் தவித்தால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போடுவாள். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, உப்பு கண்ணில் படக்கூடாது. உப்பில்லாத ரசத்தை அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிடுவதைப் பார்க்கத்தான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முன்பெல்லாம் மீன்குழம்பில் புளி ஒரு துளி கூடினால் சண்டை பிடிக்கிற மனுஷன். பாதம் இரண்டும் வீங்கிப்போனதில் தோல் செருப்பு நுழையவில்லை. ரப்பர் செருப்பை வாரை அறுத்துப் பெரிதாக்கி, ஆட்டோவரைக்கும் அதில்தான் நடந்தார். தோல் செருப்பு கட்டிலுக்கு அடியில் போயிற்று.

மெஷினில் மாட்டுவதற்காக இடது கையில் ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய் இரண்டை உள்ளே இணைத்துவைத்திருந்தார்கள். அந்த இடத்தைத் தொட்டால் உள்ளே உர்ரென்று அதிரும். ஆரம்பத்தில் அவள் கையைப் பிடித்து அதன்மேல் வைத்து, "பாரு, கேரியர் இருக்கு" என்பார். மோடம் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் கேட்கிற சத்தத்துக்குக் கேரியர் என்று பேர். அது இருக்கிறவரை தொடர்பு அறவில்லை என்று அர்த்தம். போகப் போக அந்த விளையாட்டையும் விட்டுவிட்டார். அவள்தான் அவர் தூங்கும்போது தொட்டுப் பார்த்துக்கொள்வாள்.

ஐப்பசி நடுவில் ஒரு நாள், மெஷினிலிருந்து வந்த களைப்பில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னார்:

"இந்த ரெண்டாவது ஞாயிறு யாரும் வரலன்னா போர்ட மூடிடலாம் அல்போன்சா."

வெயில் படாமல் நமுத்துக்கிடந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தவள், சரிங்க என்றாள்.

"ஆஸ்பத்திரியும் போதும்."

அவள் கை நின்றது. "போர்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"ரெண்டும் மெஷின்தான். சும்மா ஓடிட்டு இருக்கு. யாருக்காக ஓடணும்?"

எனக்காக என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. இருபத்தைந்து வருஷத்தில் அப்படியொரு வார்த்தை அவர்களுக்குள் புழங்கினதில்லை. புதிதாகச் சொன்னால் பயந்துவிடுவார். துணியை எடுத்து மறுபடி மடித்தாள். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறவரும் அல்ல, சொன்னதைத் திருப்பிச் சொல்கிறவரும் அல்ல.

போர்டில் சேருகிறவர்கள் டெலிபோன் நம்பர் கொடுத்துத்தான் சேர வேண்டும். மறுநாள் அவர் கண்ணயர்ந்த நேரமாகப் பார்த்து, அவர் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்த ஞாபகத்தில் இரண்டு மூன்று விசைகளைத் தட்டி, அந்த நம்பர்களைக் குறித்துக்கொண்டாள். வீட்டிலிருந்து பேசினால் அவர் காதில் விழும். பள்ளிக்கூட ஆபீசில் தலைமைக் கன்னியாஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டு மணியில் ஒவ்வொருவராகப் பேசினாள். சில நம்பரில் ஆள் மாறியிருந்தது. சிலர் ஊரைவிட்டே போயிருந்தார்கள்.

சர்தார் கிடைத்தான். சிந்தாதிரிப்பேட்டையில் மிக்ஸியிலிருந்து கம்ப்யூட்டர்வரை பிரித்துப் போட்டுப் பழுது பார்க்கிறவன். அவள் ஹலோ சொன்னதுமே கண்டுபிடித்துவிட்டான்.

"டீச்சரக்கா தானே? இன்னாக்கா, ஒன்பது மணிக்கு மேலன்னு சொல்றதுக்கு நீயே போன் பண்ணிட்டியா?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவனுக்குப் பின்னால் யாரோ சுத்தியலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அவ்ளோ மோசமாவா கீது? போர்டுல 'சிறிது ஓய்வு'ன்னுதானே போட்டிருந்தாரு, சிசாப்பு." அப்புறம் குரல் தணிந்தது. "நான் வந்து எவ்ளோ மாசமாச்சு. தொழில் தொழில்னு பூட்டேன் அக்கா."

வீட்டுக்கே வாருங்கள், அவரால் லஸ்வரை வர முடியாது என்றாள். டாக்டர் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார். கூட்டம் கூடாது, யாராவது ஒருவருக்குச் சளி இருந்தாலும் இவருக்கு ஆபத்து, ஒருவர் ஒருவராக வந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. அதையும் சொன்னாள். ஒருத்தர் உள்ளே இருந்தால் கொஞ்சம் பொறுத்து வரணும் என்றாள்.

"அத எங்களுக்கா சொல்லித் தரணும்? லைன் பிஸின்னா ரீடயல் பண்ணிக்கினே இருப்போம். நீ கவலப்படாதக்கா."

மந்தைவெளி சந்திரமௌலி பாங்க்கில் ரிடையர் ஆனவர். கூட்டங்களுக்குக் கடைசிக்கு முந்தின மாதம்வரை வந்துகொண்டிருந்து, அப்புறம் நின்றுபோனவர். "நேக்கு ரொம்ப வெக்கமா இருக்கும்மா" என்றார். "பேரன் தினம் மெயில் அனுப்பறான். அதைப் படிச்சு பதில் எழுதறதுலயே பொழுது போயிண்டிருக்கு. ஸ்தனி என்னைப் பத்தி ஏதாவது சொன்னானோ?" ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அதுதான் சங்கடம் என்றார் அவர்.

'ரஞ்சன்' என்ற பேரில் எழுதுகிற ஒருவருடைய நம்பரில் ஒரு பெண் எடுத்தாள். ரஞ்சன் இருக்காரா என்றதற்குக் கொஞ்சம் தயங்கி, நான்தான் ஆண்ட்டி என்றாள். பேர் ஸ்ரீரஞ்சனி. அடையாறில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. பெண் என்று தெரிந்தால் ஆளாளுக்குப் பாட்டெழுத ஆரம்பித்துவிடுவார்கள் என்று ரஞ்சனாகவே இருந்துவிட்டாளாம். அதனால்தான் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. சிசாப் சார் என்னை 'தம்பி'ன்னு எழுதுவார் என்று சொல்லிச் சிரித்தாள். வருகிறேன் என்றாள்.

டாக்டரின் நிபந்தனையை ஒவ்வொருவரிடமும் சொன்னாள். இப்படி வருகிறேன் வருகிறேன் என்று சேர்ந்த குரல்களை அல்போன்சா மனதுக்குள் அடுக்கிப் பார்த்தாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நம்ம வீட்லயே வெச்சுக்கலாம்னு போர்டுல போட்டுருங்க என்று மட்டும் சொன்னாள். அவர் எழுந்து உட்கார்ந்து ஒரு விரலால் தட்டித் தட்டிப் போட்டார். யார் படிக்கப்போறா என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்த் திரும்பும்போதே வானம் சாம்பல் பூத்திருந்தது. மத்தியானத்துக்குள் கேசரி கிளறிவிட்டாள். பட்டாணிச் சுண்டல் தாளித்தாள். வெங்காய பஜ்ஜிக்கு மாவைக் கரைத்து மூடி வைத்தாள். வெள்ளியன்று மெஷினில் இருந்ததால் அவருக்கு முகம் கொஞ்சம் வடிந்திருந்தது. வெந்நீரில் துணி நனைத்து உடம்பு துடைத்து, முகம் மழித்து, இஸ்திரிச் சட்டையைப் போட்டுவிட்டாள். பவுடர் டப்பாவை எடுத்தபோது வேண்டாம் என்று கையால் தடுத்தார். அப்புறம் அவரே வாங்கிப் போட்டுக்கொண்டார்.

கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது தோல் செருப்பு கையில் தட்டியது. பூஞ்சை பிடித்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தாள். மறுபடி உள்ளே தள்ள மனம் வரவில்லை. வருகிறவர்கள் பார்க்கும்போது செருப்பு கட்டிலுக்கு அடியில் இருந்தால் நோயாளி வீடு. வாசலில் இருந்தால் இப்போதுதான் வெளியே போய் வந்த மனுஷனுடைய வீடு. கொண்டுபோய்க் கதவுக்கு வெளியே, மிதியடி ஓரமாக, ஜோடி சேர்த்து வைத்தாள்.

"அத எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்றார் கட்டிலிலிருந்து.

"இருக்கட்டும்" என்றாள்.

மழைச்சாரல் உள்ளே அடிக்கிறதென்று கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். இருவரும் காத்திருந்தார்கள். நாலு மணி வாக்கில் மரப்படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. ஸ்தனிஸ்லாஸ் தலையணையில் நிமிர்ந்தார். சத்தம் வாசல்வரை வந்து நின்றது. பிறகு இறங்கிப் போயிற்று.

"யாரு?"

"மாடி ரூம் பசங்களா இருக்கும்."

மொட்டை மாடி அறையில் இரண்டு பேச்சிலர்கள் குடியிருந்தார்கள், அதனால் அவள் எழுந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்னொரு காலடி. மெதுவாக, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுகிற காலடி. அதுவும் நின்றது, இறங்கியது. பிறகு தடதடவென்று ஒன்று. பிறகு கொலுசு இல்லாத, ஆனால் பெண் காலடி மாதிரி ஒன்று. ஒவ்வொன்றுக்கும் அவர் தலை நிமிர்ந்தது. ஒவ்வொரு முறையும் தலையணைக்குத் திரும்பியது. இன்னிக்கு மாடி ரூம் பசங்களுக்கு என்ன இத்தனை வேலை என்று அவள் முணுமுணுத்தாள். மழை வலுத்தது. கீழே தங்கபுஷ்பம் டீக்கடையிலிருந்து கொல்லென்று சிரிப்புச் சத்தம் எழுந்தது.

"கீழ என்னா கூட்டம்?"

"மழைக்கு ஒதுங்கியிருப்பாங்க."

"அங்கயாவது கூட்டம் இருக்கே" என்றார்.

கேசரி இறுகிப்போய் நெய் வெள்ளையாக உறைந்தது. சுண்டலின் மேல் தேங்காய் காய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியது. அவள் விளக்கைப் போட்டாள். வருகிறேன் என்று சொன்ன குரல்களை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். எல்லாம் பொய் சொல்கிற குரலாக இல்லையே.

ஸ்தனிஸ்லாஸ் சட்டைப் பொத்தானை ஒரு கையால் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அந்த வயரப் புடுங்கிடு, அல்போன்சா. போதும்."

"கொஞ்சம் பாக்கலாங்க. மழை."

"மழையில்லன்னாலும் வரமாட்டாங்க. தப்பில்ல. எனக்கே இன்டர்நெட் இருந்தா நானும் போயிருப்பேன்." மூச்சு வாங்கினார். "செவ்வாய்க்கிழமைக்கு ஆட்டோக்காரன வேணாம்னு சொல்லிடு."

அவள் மேஜைக்கு அடியில் குனிந்தாள். மோடத்தின் சிவப்பு விளக்கு கண்ணுக்கு நேராக இருந்தது. வயரில் கை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"காப்பிக்குப் பால் இல்ல. வாங்கிட்டு வந்து புடுங்கறேன்" என்றாள்.

பால் இருந்தது. அவருக்கும் அது தெரியும். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் தூக்குவாளியையும் குடையையும் எடுத்துக்கொண்டு, வாசலில் இருந்த செருப்பைத் தாண்டி, கைப்பிடியைப் பிடித்து இறங்கினாள். எங்கே போகிறோம் என்றே யோசனையில்லை. அவர் முன்னால் அழக்கூடாது என்பதுதான் இருந்தது.

வீட்டின் முன்பக்கத்திலேயே தங்கபுஷ்பம் கடை போட்டிருந்தாள். பாய்லரும் வடைச்சட்டியும் இரண்டு பெஞ்சும், மேலே நீலத் தார்ப்பாயும். அல்போன்சாவைக் கண்டதும் கரண்டியை ஓங்கிக் கூப்பிட்டாள்.

"வா டீச்சரே. உன்னத்தான் இட்டாறச் சொல்லலாம்னு இருந்தேன். மேல செருப்பு இன்னா, தங்கத்துலயா வெச்சிக்கிற?"

"ஏன் தங்கபுஷ்பம்?"

"சாய்ங்காலத்துலேர்ந்து ஆள் மாத்தி ஆள் மேல ஏறிக்கினு கீறான். கதவாண்ட போய் குனிஞ்சு செருப்பப் பாக்குறான். எறங்கி வந்துர்றான். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி ஏறிப் பாக்குறான். சரி, செருப்புத் திருடன்னு நெனச்சேன். ஆனா ஒரு ஜோடி செருப்புக்கா இத்தினி திருடன் வருவான்? அதுல ஒரு அய்யிரு வேற கீறாரு. எதுக்கும் இருக்கட்டும்னு டீ குட்த்து ஒக்கார வெச்சிருக்கேன். ஒருத்தனும் ஓடல."

தார்ப்பாய்க்கு அடியில் முகங்கள் திரும்பின. பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு ஏழெட்டுப் பேர், நின்றபடி இன்னும் சிலர். வேட்டி முனை நனைந்த சந்திரமௌலி கையில் டீ கிளாஸ். சுவரோரம் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒரு இளம்பெண். நடுவில் சர்தார், பாதி வடையைக் கடித்தபடி எழுந்தான்.

"இன்னாக்கா, லைன் கிளியர் ஆச்சா? யாருக்கா அது, உள்ள போனவன் வெளிய வர்றதா இல்ல? நான் மொதல்ல இவருன்னு நெனச்சேன்" என்று சந்திரமௌலியைக் காட்டினான். "இங்க வந்து பாத்தா, நான்தான் உள்ள இருக்கேன்னு இவரு நெனச்சிக்கினு இங்க ஒக்காந்துருக்காரு."

"நான் மூணு தடவை ஏறி இறங்கிட்டேம்மா" என்றார் சந்திரமௌலி. "முட்டி விட்டுப்போச்சு. அதே செருப்பு அப்படியே இருக்கு. ரொம்ப நாள் கழிச்சு யாரோ வந்து மனசுவிட்டுப் பேசிண்டிருக்கா, நடுவுல போய்க் கெடுப்பானேன்னு வந்துட்டேன்."

கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பையன், சாய்சரண் என்று பேர், கதவைத் தட்டலாம் என்று நான்தான் சொன்னேன், இவங்க விடல என்றான். தட்டறதாவது என்றான் சர்தார்.

அல்போன்சாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் தூக்குவாளியைப் பெஞ்சு முனையில் வைத்தாள்.

"அது அவரு செருப்பு" என்றாள். "அவரோடதுதான். நான்தான் தொடச்சு வாசல்ல வெச்சேன். அழகா இருக்கும்னு."

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து தெருவில் விழுந்தது. சந்திரமௌலி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டில் துடைக்க ஆரம்பித்தார். துண்டு ஏற்கெனவே ஈரம். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப உள்ள யாருமே இல்லியா?" என்றான் சர்தார்.

"யாருமே வரல. வயரப் புடுங்கச் சொல்லிட்டாரு."

சுவரோரம் நின்ற பெண் ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆண்ட்டி, 'இது வீடு'ன்னு சொல்றது நீங்கதானே?"

அல்போன்சா அவளைப் பார்த்தாள். ரஞ்சன். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசைப்படுத்துகிற குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"இப்ப வீடு இல்லம்மா. போர்டு தெறந்தாச்சு. எல்லாரும் மேல வாங்க."

"எல்லாரும் ஒண்ணாவா?" என்றார் சந்திரமௌலி. "டாக்டர் என்னமோ சொன்னார்னியே."

"சளி புடிச்சவங்க மட்டும் வாசல்ல நில்லுங்க. மத்தவங்க வாங்க. டாக்டருக்கு நான் சொல்லிக்கறேன்."

தங்கபுஷ்பம், அப்ப இவுங்க திருடனுங்க இல்லியா என்று கேட்டுவிட்டு, வடிகட்டியில் இன்னொரு சுற்று டீத்தூள் போட்டாள்.

மரப்படி அத்தனை கால்களை ஒரே நேரத்தில் தாங்கி ரொம்ப நாளாகியிருந்தது. அது போட்ட சத்தத்தில் மாடி ரூம் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான். வாசலில் செருப்புகளைக் கழற்றினார்கள். தோல் செருப்பை மட்டும் யாரும் நகர்த்தவில்லை. அதைச் சுற்றி, அதன்மேல் படாமல், ஒன்றன்மேல் ஒன்றாக மற்றதெல்லாம் குவிந்தன. சளி பிடித்தவர் ஒருவர் தும்மலை அடக்கிக்கொண்டு கதவோரம் நின்றுவிட்டார்.

ஸ்தனிஸ்லாஸ் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். அவள் காலடி என்று நினைத்திருக்க வேண்டும்.

"புடுங்கிட்டியா?" என்றார்.

ஈரத்துணி வாசனையும் டீ வாசனையும் அறைக்குள் வந்திருந்தன. மெதுவாகப் புரண்டார். கட்டிலைச் சுற்றித் தரை தெரியாமல் மனிதர்கள். சர்தார் முழங்காலில் உட்கார்ந்திருந்தான். கழற்றின பொத்தானை அவர் விரல்கள் தேடின. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தெரிந்த முகத்தில் கொஞ்சம் நின்றார். தெரியாத முகத்தில் இன்னும் அதிகமாக நின்றார். உதடு காய்ந்திருந்தது.

"இருக்கறது ஒத்த லைன்" என்றார். "இத்தினி பேரும் எப்பிடி ஒண்ணா உள்ள வந்தீங்க?"

சர்தார் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். சந்திரமௌலிதான் சொன்னார்.

"நோக்குத் தெரியாம கீழ இன்னொரு போர்டு போட்டுட்டோம்டா, ஸ்தனி. டீக்கடையில."

அதற்கு எழுந்த சிரிப்பு, உப்பில்லாத பத்திய வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. ஸ்தனிஸ்லாஸ் சிரித்ததில் இருமல் வந்து, அல்போன்சா நெஞ்சைத் தடவிவிட்டாள். பிறகு அறிமுகங்கள். ரஞ்சன் யார் என்று தெரிந்ததும் அவர், "தம்பி, நீயா?" என்றார். அவள் ஆமாம் சார் என்றாள். அப்புறம் மோடத்தில் ஆரம்பித்து, பழைய ஏதோ கிரிக்கெட் சண்டைக்குப் போய், அது இன்னும் தீரவில்லை என்று தெரிந்துகொண்டார்கள். இறுகிப்போன கேசரியைக் கத்தியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அவருக்குக் கொடுக்கக்கூடாது. எல்லாரும் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐஸ் கட்டி ஒன்றைச் சாய்சரண் எடுத்துக் கொடுக்க, அதை வாயில் அடக்கிக்கொண்டு, சண்டையில் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் இரண்டு பக்கமும் தலையாட்டினார்.

எல்லாரும் போன பிறகு அவர் இடது கையை நீட்டினார். அல்போன்சா தொட்டுப் பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

"செவ்வாய்க்கிழமை ஆட்டோக்காரன்கிட்ட என்னா சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றார்.

அதற்கப்புறம் இரண்டாவது ஞாயிறுகள் சில இருந்தன. எல்லாருக்கும் தேதி நினைவில் இருந்த மாதம் அறை கொள்ளாது. நினைவு இல்லாத மாதம் சந்திரமௌலியும் சர்தாரும் மட்டும் வருவார்கள். அது போதுமாக இருந்தது. அடுத்த மழைக்கு ஸ்தனிஸ்லாஸ் இல்லை. கல்லறைக்கு எல்லாரும் வந்தார்கள். மண் போடும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருந்து, ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

போர்டை அல்போன்சாவுக்கு நடத்தத் தெரியவில்லை. கம்ப்யூட்டரைச் சர்தார் எடுத்துப்போய் வைத்திருக்கிறான். லைன் முழுசாக வீட்டுக்கு வந்துவிட்டது. ஆனால் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் பஜ்ஜிக்கு மாவு கரைத்துவிடுவாள். ஒருவரோ இருவரோ வருவார்கள். ஒருவரும் வராத மாதமும் உண்டு.

அன்றைக்கு மட்டும் கதவை அகலத் திறந்து வைப்பாள். காலையிலேயே வாசலைப் பெருக்கி, தன்னுடைய செருப்பையும் எடுத்து உள்ளே போட்டுவிடுவாள். அவருடைய தோல் செருப்பு கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை பூஞ்சையைத் துடைத்து, திரும்ப உள்ளே தள்ளிவிடுவாள். வாசலில் வைப்பதில்லை. வைத்தால், வருகிற ஒருவரும் படியேறிப் பார்த்துவிட்டு, யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று இறங்கிப் போய்விடுவார்கள்.